ஒரு பிரேக் ஐந்து ரூபாய்

(மதுரைப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பேருந்து நிலையம். காலை 10.45 மணி. 11 மணிக்குப் புறப்பட வேண்டிய டவுன் பஸ் எஞ்சின் அணைக்கப்பட்டு நிற்கிறது. உள்ளே ஏழு பயணிகள் இருக்கிறார்கள். அவர்களில் மூவர் உறங்குகிறார்கள். ஓட்டுநருக்கு வயது ஐம்பத்தைந்து, நடத்துநருக்கு முப்பத்திரண்டு. ஓட்டுநரின் சட்டைப் பையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே நாளில், ஒரே மேசையிலிருந்து வந்தவை.)

ஓட்டுநர்: தம்பி, உன் கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்பதால் கேட்கிறேன். இந்த மெமோவுக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடு.

நடத்துநர்: உங்களுக்கு எதற்கு அண்ணே மெமோ? டீசல் சிக்கனத்தில் இந்த மாதம் நீங்கள்தான் முதலிடம் என்று நேற்றுத்தானே பணிமனைப் பலகையில் எழுதிப் போட்டார்கள்?

ஓட்டுநர்: அந்தப் பாராட்டும் இதே பையில்தான் இருக்கிறது. அதன் மை காய்வதற்குள் இது வந்துவிட்டது. ஆலமரத்து நிறுத்தத்தில் கை காட்டிய நான்கு பேரை ஏற்றாமல் சென்றதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டுமாம். அந்த நால்வரில் ஒருவர் டிக்கெட் பரிசோதகர்.

நடத்துநர்: நான் ஒற்றை விசில் கொடுத்தேனே!

ஓட்டுநர்: கொடுத்தாய், இல்லையென்று சொல்லவில்லை. 'விசில் காதில் விழவில்லை' என்று எழுதிவிடலாமா?

நடத்துநர்: அப்படி எழுதினால், காதில் விழும்படி ஏன் ஊதவில்லை என்று கேட்டு எனக்கு ஒரு மெமோ வரும். நடந்ததையே எழுதிவிடுவோம் அண்ணே. ஏன் நிறுத்தவில்லை?

ஓட்டுநர்: எல்லாம் கே.எம்.பி.எல்., அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு, படுத்தும் பாடுதான். நம் வண்டி ஒரு நாளைக்கு 240 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 5.1 கொடுத்துக்கொண்டிருந்ததை 5.4 ஆக்கச் சொன்னார்கள். கேட்பதற்குப் பொடி விஷயம்போல் இருந்தாலும், தினமும் இரண்டரை லிட்டருக்கு மேல் மிச்சம் பிடித்தால்தான் அந்தப் புள்ளி மூன்று கிடைக்கும். பொறியியல் படிக்கும் என் மகனிடம் வழி கேட்டேன். 11 டன் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடியும் 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 50 மில்லி டீசல் செலவாகும் என்று அவன் கணக்குப் போட்டுக் காட்டினான். டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி நிற்கும்போது, ஒரு பிரேக் என்பது ஏறத்தாழ ஐந்து ரூபாய் தம்பி! அன்றிலிருந்து பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் யாரோ என் சட்டைப் பையில் கை விடுவதுபோல் இருக்கிறது.

நடத்துநர்: (எழுதிக்கொண்டே) 'ஐயா, தங்கள் வண்டியை நிறுத்தினால் தங்களுக்கு ஐந்து ரூபாய் நட்டம் ஏற்படும் என்பதால் நிறுத்தவில்லை.' இது விளக்கமா, இன்னொரு மெமோவுக்கு விண்ணப்பமா?

ஓட்டுநர்: ஏன், கணக்கில் பிழை இருக்கிறதா?

நடத்துநர்: கணக்கு சரிதான், பாதியில் நின்றுவிட்டது. அந்த நால்வரில் பரிசோதகரைக் கழித்தால் மூவர். ஒருவர் டிக்கெட் வாங்குவார். மற்ற இருவரும் பெண்கள்; அவர்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், 2021 முதல் அந்தப் பயணத்துக்கான தொகையை அரசு நம் போக்குவரத்துக் கழகத்துக்குத் தந்துகொண்டுதான் இருக்கிறது. ஐந்து ரூபாயைக் காப்பாற்றப் போய் மூன்று பேருடைய வரவை ஆலமரத்தடியில் விட்டுவிட்டு வந்தீர்கள். பலகையில் உங்கள் கே.எம்.பி.எல். ஏறியது, என் வசூல் இறங்கியது. என் பெயரைப் பலகையில் எந்த இடத்தில் போட்டிருந்தார்கள் என்று பார்த்தீர்களா?

ஓட்டுநர்: பார்த்தேன். கடைசி என்பதால் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது.

நடத்துநர்: வண்டி லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று மட்டும் பார்த்தால், ஒருவரையும் ஏற்றாமல் ஓடும் வண்டிதான் உலகத்திலேயே சிக்கனமான வண்டி. ஐந்து கிலோமீட்டரை ஐம்பது பேரால் பெருக்கிப் பாருங்கள் அண்ணே, 250 வருகிறது. காரில் ஒருவர் தனியாகப் போனால் லிட்டருக்கு 15. பைக்கில் ஒருவர் போனால் 50. நாம் ஏற்றாமல் விட்ட ஆள் பைக் வாங்கினால் நாட்டுக்கு எத்தனை லிட்டர் கூடுதல் செலவு!

ஓட்டுநர்: அப்படியானால் நம் 11 மணி நடைக்கும் ஒரு கணக்குப் போடு. உள்ளே ஏழு பேர், ஐந்தேழு முப்பத்தைந்து. பைக்கைவிட மோசம்! அதோ பார், டி.வி.எஸ். எக்ஸெலில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், முன்னால் ஒரு வாழைத்தார். நாலைம்பது இருநூறு. வாழைத்தாரைச் சேர்க்காமலே நம்மை ஐந்து மடங்குக்கு மேல் வென்றுவிட்டார்கள்.

நடத்துநர்: (சிறிது யோசித்து) நம் இருவரையும் சேர்த்துக்கொண்டால் 45 வரும்.

ஓட்டுநர்: சம்பளம் வாங்குகிறவர்களைப் பயணிகளில் சேர்ப்பது எந்த ஊர்க் கணக்கு? அது கிடக்கட்டும், நான் டீசலுக்கு எவ்வளவு பாடுபடுகிறேன் என்பதையும் எழுது. நடை தொடங்குமுன் டயரில் காற்று பார்க்கிறேன். கிளட்ச் மேல் காலைச் சும்மா வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை. கண்மாய்க்கரை இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு வண்டியைத் தேர்போல நகர்த்துகிறேன்.

நடத்துநர்: ஐயோ, அதை மட்டும் எழுதச் சொல்லாதீர்கள்! இறக்கத்தில் கியரிலேயே வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம் எஞ்சினைச் சுற்றுவதால் டீசல் பாய்வதே நின்றுபோகும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க டீசல் குடிக்கும். எஞ்சினின் பிடியும் போய், பாரம் முழுக்கப் பிரேக்கின் தலையில் விழும்.

ஓட்டுநர்: முப்பது வருடமாக அப்படித்தானே ஓட்டுகிறேன்?

நடத்துநர்: முப்பது வருடமாக அந்த டீசலும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஓட்டுநர்: (பெருமூச்சுடன்) நானும் எவ்வளவோ பார்த்துவிட்டேன். 2013 ஜனவரியில், மொத்தமாக வாங்குவோருக்கு மானியம் இல்லை என்று சொன்னதும், பணிமனையில் டேங்க் இருக்கும்போதே வெளியே பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்று டீசல் போட்டோம். 2022 மார்ச்சில் மொத்த விலை லிட்டருக்கு 25 ரூபாய் ஏறியது, சில்லறை விலை அப்படியே இருந்தது. சில்லறையில் வாங்கினால் மலிவு, மொத்தமாக வாங்கினால் கூடுதல் என்று எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நடத்துநர்: சென்னையில் இந்தக் கவலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் அண்ணே. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை விட்டார்கள். அவற்றில் பிரேக் போட்டால், ஓட்டத்தின் சக்தியில் ஒரு பகுதி மின்சாரமாகி மீண்டும் பேட்டரிக்கே போய்விடும்.

ஓட்டுநர்: பிரேக் போட்டால் காசு திரும்பி வருமா?

நடத்துநர்: முழுதாக வராது, ஓரளவு வரும்.

ஓட்டுநர்: அப்படி ஒரு வண்டி கொடுத்தால், ஆலமரத்தில் மட்டுமில்லை, வழியிலுள்ள வேப்பமரம், புளியமரம் எல்லாவற்றிலும் நிறுத்துவேன் என்று எழுது.

நடத்துநர்: எழுதமாட்டேன். இதோ, கடிதம் இப்படி முடிகிறது: 'டீசல் விலை ஏறியிருக்க, 2018 ஜனவரியில் உயர்த்தி, சில நாட்களிலேயே சிறிது குறைக்கப்பட்ட கட்டணத்திலேயே வண்டி ஓடும் நிலையில், எரிபொருளைச் சேமிக்க வேண்டும் என்ற மிகுந்த ஆர்வத்தினால் நிறுத்தத்தைக் கவனிக்கத் தவறிவிட்டேன், இனி ஒற்றை விசிலுக்கு நின்று, இரட்டை விசிலுக்கே புறப்படுவேன் என்று உறுதி கூறுகிறேன்.' கையெழுத்துப் போடுங்கள். மணி 11 ஆகிறது.

(ஓட்டுநர் கையெழுத்திட்டு, இருக்கையில் அமர்ந்து, சாவியைத் திருப்புகிறார். 'கிர்ர்' என்ற ஓசை எழுந்து அடங்குகிறது. மறுபடியும் திருப்புகிறார். இம்முறை அந்த ஓசையும் இல்லை.)

நடத்துநர்: செல்ஃப் எடுக்கவில்லையா? எப்போதும் இறக்கம் பார்த்துத்தானே நிறுத்துவீர்கள்?

ஓட்டுநர்: இறக்கத்தில் தக்காளி வண்டி நின்றது. எஞ்சினை அணைக்காமல் விட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மணிக்கு ஒரு லிட்டராவது சும்மாவே எரியுமே என்று கை தானாகச் சாவிக்குப் போய்விட்டது.

நடத்துநர்: தள்ள வேண்டியதுதான். (உள்ளே எட்டிப் பார்த்து) ஏழு பேரில் நான்கு பேர் பாட்டிமார்கள். ஒரு தாத்தாவுக்குச் சமீபத்தில்தான் கண் அறுவை நடந்திருக்கிறது. மீதம் இருவர்.

ஓட்டுநர்: தம்பி, தள்ளும் தூரத்துக்கு டீசல் செலவே இல்லை அல்லவா? அதையும் கே.எம்.பி.எல்.-இல் சேர்த்துக்கொள்வார்களா?

நடத்துநர்: முதலில் வண்டி நகரட்டும் அண்ணே. 11 டன் இரும்பை நானும் இந்த இருவரும் எப்படித் தள்ளுவது?

ஓட்டுநர்: (ஆலமரத்துத் திசையை ஏக்கத்தோடு பார்த்து) நீ சொன்னது சரிதான், அந்த நால்வரையும் ஏற்றிப் பழக்கம் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதிலும் அந்தப் பரிசோதகர் நல்ல திடகாத்திரமான மனிதர்.