நன்றியை நேரில் சொல்ல முடிந்தது

குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று தெரிந்ததும் தாயை வீட்டுக்கே அழைத்து வந்து பார்த்துக்கொண்ட குடும்பத்தைப் பற்றிய கட்டுரையைக் கலங்கியபடியே படித்தேன். எங்கள் அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று சித்தப்பா வற்புறுத்தினார், அம்மா கேட்கவில்லை. எவ்வளவு சரியான முடிவு! தெரிந்ததால்தான் அப்பா பழைய நண்பர்களை வரவழைத்துப் பேசினார், கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்தார். "உன்னால்தான் இந்தக் குடும்பம் நின்றது" என்று அம்மாவிடம் எங்கள் முன்னாலேயே சொன்னார். அதுவரை அவர் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

வலி அடங்கியிருந்ததால்தான் இதெல்லாம் நடந்தது. கடும் வலியைக் குறைக்கும் அபின் வகை மருந்தான மார்ஃபின் மாத்திரை என்றாலே பலர் பயப்படுகிறார்கள். மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அது மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உண்டு. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியதே இத்தகைய நோயாளிகளுக்கு மார்ஃபின் எளிதில் கிடைக்கத்தான்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தீராத நோயாளிகளின் வலியையும் வேதனையையும் குறைக்கும் ஆதரவு சிகிச்சைக்கான செவிலியர் வீட்டுக்கே வருகிறார். படுக்கைப் புண் வராமல் அப்பாவை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று கற்றுக்கொடுத்த அந்தச் சகோதரிக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே விசாரியுங்கள்.