மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி

வானொலியை மத்திய அலையிலிருந்து (ஏ.எம்.) பண்பலைக்கு (எஃப்.எம்.) மாற்றுவது பற்றிச் சனிக்கிழமை மாலை சேலத்து அரங்கில் நடந்த கூட்டத்தை உங்களில் பலர் நேரிலோ காணொளியிலோ பார்த்திருப்பீர்கள். ஆகவே யார் யார் பேசினார்கள் என்பதையெல்லாம் நான் மறுபடியும் எழுதப் போவதில்லை. மத்திய அலையை விட்டுப் பண்பலைக்கு மாறுவது வானொலிக்கு மறுபிறவி என்று மேடையில் முக்கால் மணி நேரம் பேசி முடித்தபின், கடைசி வரிசையிலிருந்து எழுந்த பெரியவர் ஒருவர், "எங்க ஊர்ப் பக்கம் அது எடுக்கறதில்லைங்களே, அதுக்கு என்ன பண்றதுங்க?" என்று கேட்டார். "ஆப் போட்டுக்குங்க ஐயா" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அரங்கம் சிரித்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, ஆனால் எழுந்து பேசவும் இல்லை. அதனால்தான் மூன்று நாள் கழித்து இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தெளிவாகக் கேட்பது வேறு, எட்டிக் கேட்பது வேறு. பேச்சு முழுவதும் இரண்டையும் ஒன்றாகவே பாவித்தார்கள். பண்பலையின் ஒலி தெளிவானது என்பதை மறுக்கும் அளவுக்கு எனக்குக் காது கெட்டுப்போகவில்லை. இடி, மின்மோட்டார், இப்போது வீட்டுக்கு வீடு எரியும் எல்.இ.டி. விளக்கு ஆகியவை கிளப்பும் இரைச்சல், வானொலி அலையின் வீச்சை, அதாவது உயரத்தைத்தான் குலைக்கிறது. மத்திய அலை ஒலியை அந்த வீச்சில் ஏற்றி அனுப்புவதால் இரைச்சலும் கூடவே வந்துவிடுகிறது. பண்பலையோ ஒலியை அதிர்வெண்ணின், அதாவது அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதன், ஏற்ற இறக்கத்தில் ஏற்றுகிறது, அதனால் தப்பிக்கிறது. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் பெரியவரின் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 320 மீட்டர். 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலையின் அலை நீளம் 3 மீட்டர். முன்னது நிலத்தைத் தழுவிக்கொண்டு மேடு பள்ளம் கடந்து வரும். பின்னது ஏறக்குறைய வெளிச்சத்தைப் போன்றது, குறுக்கே மலை நின்றால் அந்தப் பக்கம் நிழல்தான். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு ஏற்காட்டு மலையைப் பார்ப்பவர்களுக்கு அந்த நிழல் தெரியாது, ஏனென்றால் அது மறுபக்கத்தில் விழுகிறது.

என் அப்பா ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். எங்கள் வீட்டுச் சன்னலில் தோலுறை போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. உறையின் பட்டை அறுந்துபோய், சணல் கயிற்றால் கட்டியிருப்பார். பெட்டிக்குள் செப்புக் கம்பி சுற்றிய ஒரு கரிய கோல் உண்டு, மத்திய அலைக்கு அதுதான் ஆன்டெனா. அது எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதைப் பொறுத்து ஒலி ஏறும், இறங்கும். இந்தக் கோட்பாடு தெரியாமலே அப்பா அதைச் செயலில் கண்டுபிடித்து வைத்திருந்தார். சன்னல் கட்டையில் சாக்பீஸால் இரண்டு கோடுகள்: ஒன்றுக்கு நேராகப் பெட்டியை வைத்தால் திருச்சி, கால் வட்டம் திருப்பி மற்றதற்கு நேராக வைத்து முள்ளை 999-க்கு நகர்த்தினால் கோவை. யாராவது பெட்டியைத் துடைக்கும்போது கோட்டையும் சேர்த்து அழித்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் பஞ்சாயத்துதான். பொழுது சாய்ந்தால் இலங்கை வானொலி. பகலில் மத்திய அலையை உறிஞ்சிவிடும் வானடுக்கு இரவில் மறைய, அதற்கு மேலிருக்கும் அடுக்கில் பட்டுத் திரும்பும் அலை கடல் தாண்டி வந்து இறங்கும் என்பதைப் பிற்காலத்தில் படித்தேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், பனி இறங்கினால் இலங்கை அறிவிப்பாளர் அப்துல் ஹமீதின் குரலும் இறங்கி வரும் என்பதுதான். தீர்ந்துபோன பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம். இத்தனைக்கும் மாத வாடகை, சந்தா, கடவுச்சொல் எதுவும் இல்லை.

இதோ பழம்பெருமை பாட ஆரம்பித்துவிட்டார் என்று சிலர் சொல்வீர்கள் என்பது தெரியும். சொல்லிக்கொள்ளுங்கள். வயதானவன் கேள்வி கேட்டால் அது ஏக்கம், இளைஞன் கேட்டால் அது தரவு என்று ஒரு கணக்கு இப்போது நடைமுறையில் இருக்கிறது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல்லுக்குத் தஞ்சை உழவர்கள் 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்தார்கள். திருச்சி வானொலி அதைப் பற்றி இடைவிடாமல் பேசிப் பேசி வயலுக்குள் கொண்டு சேர்த்ததால் வந்த பெயர் அது. அந்த வானொலி எட்டியது, அதனால் நெல் விளைந்தது. இதில் ஏக்கம் எங்கே இருக்கிறது?

மேடையில் சொன்ன அந்த 'ஆப்' என்ற செயலிக்கு வருகிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த நாள்களில் மேலே இருக்கும் என் அக்காவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனேன். இரண்டாம் நாள் இரவுதான் பேசினாள், அதுவும் பக்கத்துத் தோட்டத்து ஜெனரேட்டரில் பத்து நிமிடம் சார்ஜ் ஏற்றி. மின்சாரம் போனால் கைபேசிக் கோபுரம் படுக்கும், கோபுரம் படுத்தால் செயலி படுக்கும். இரண்டு கட்டைப் பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு இந்தத் தொடர்ச் சாவு கிடையாது. 2023-இல் ஃபோர்டு நிறுவனம் தன் புதிய கார்களிலிருந்து மத்திய அலை வானொலியை எடுத்துவிடப் போவதாக அறிவித்து, ஆபத்துக் கால எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும் என்று எதிர்ப்புக் கிளம்பியதும் அதே ஆண்டில் பின்வாங்கியது. அமெரிக்காவில் கேட்டால் அது பாதுகாப்புப் பிரச்சினை. சேலத்தில் துண்டு போட்ட ஒருவர் கேட்டால் நகைச்சுவை.

மேடையில் பிரேசிலை எடுத்துக்காட்டினார்கள். சரி, அங்கே 2013-இல் அரசாணை போட்டு, மத்திய அலை நிலையங்கள் பண்பலைக்கு மாற வழி செய்தார்கள். பெருநகரங்களில் பண்பலைக்கு வழக்கமான 88 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இடமில்லாமல், 76 மெகாஹெர்ட்ஸ் வரை கீழே இறக்கி இடம் ஒதுக்கினார்கள். பழைய பெட்டிகள் அந்த இடத்தைப் பிடிக்காது. இந்தப் பாதியை ஏன் சொல்லவில்லை?

செலவைப் பற்றி ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். 100 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பி விழுங்கும் மின்சாரம், வானளாவிய கம்பம், அதைச் சுற்றிப் பல ஏக்கர் நிலம், கிடைக்காத உதிரிபாகம் எல்லாம் உண்மைதான். பண்பலை மலிவு. இதை நான் பெரிதாக எதிர்த்துப் பேச முடியாது. ஆனால் மலிவு என்பதற்காக மாறுகிறோம் என்று சொல்லிவிட்டு மாறுங்கள். மக்களுக்குத் தெளிவான ஒலி தருவதற்காக மாறுகிறோம் என்று சொல்லாதீர்கள்.

உயரமான மலையில் பண்பலையை வைத்தால் எட்டாதா என்று கேட்பீர்கள். எட்டும். கொடைக்கானலில் 100.5-இல் அதைத்தான் செய்தார்கள். அத்தனை மாவட்டங்கள் கேட்கின்றன, எனக்கும் பிடித்த நிலையம். ஆனால் உச்சியிலிருந்து இறங்கும் அலைகூட மலை மடிப்புக்குள் நுழையாது. அங்கங்கே சிறிய நிரப்பு ஒலிபரப்பிகள் வேண்டும். முதலில் அவற்றை வையுங்கள், பிறகு பழையதை நிறுத்துங்கள். இந்த வரிசையைத்தான் கேட்கிறோம், வேறு சொத்து எதுவும் கேட்கவில்லை.

இதைச் சொல்லும்போது எனக்கு இன்னொரு எரிச்சலும் சேர்ந்துகொள்கிறது, மறைப்பானேன். சேலத்துக்காரர்கள் மத்திய அலையில் என்றைக்கும் விருந்தாளிகளாகவே இருந்தோம். திருச்சியையும் கோவையையும் கேட்டு வளர்ந்தோம்; அந்த ஊர்களின் வானிலையையும் சந்தை நிலவரத்தையும் எங்களுடையதைப் போலக் கேட்டுக்கொண்டோம். பண்பலை வந்தபோது நம்முடைய ஊர் நம்முடைய பேச்சில் வரும் என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். வந்தது என்ன? நகைக்கடை விளம்பரம், நடுவே ஒரு பாட்டு, மறுபடி நகைக்கடை. தனியார் பண்பலைக்குச் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதியே இல்லை. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். காலை 7.15-க்கு தில்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயண்சுவாமியின் குரலை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்த வீட்டில் வளர்ந்தவனுக்கு, 'தெளிவு' என்ற சொல்லை இவர்கள் உச்சரிக்கும்போது எரிகிறது. தெளிவாகக் கேட்கிறது, ஆம். எது கேட்கிறது?

மலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அதற்காக ஒரு திட்டத்தையே நிறுத்துவதா என்று காணொளியின் கடைசியில் ஒரு குரல் கேட்கிறது. அதற்குப் பதில் எழுதித் தரத்தைக் குறைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் வெளியே தேநீர் கொடுத்த இடத்தில் அந்தப் பெரியவரைத் தேடிப் போய், எந்த ஊர் என்று கேட்டேன். உள்ளே அதை யாரும் கேட்கவில்லை. "மாரமங்கலத்துக்கு அந்தாண்டைங்க" என்று ஏற்காட்டு மலையூர் ஒன்றைச் சொன்னார். கடைசி வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று, ஊற்றிக் கொடுத்த தேநீரை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.