பென்சில் முனையில் இருப்பது ஈயம் அன்று

பென்சில் முனை குத்தினால் ஈய நஞ்சு உடலில் ஏறும் என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. அதைப் படித்துப் பெற்றோர் வீணாகக் கலங்கக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். பென்சிலின் கரிய தண்டு, கிராஃபைட்டையும் களிமண்ணையும் குழைத்துச் சூளையில் சுட்டெடுப்பது. கிராஃபைட், வைரத்தைப் போலவே கார்பனின் ஒரு வடிவம். அதன் அணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டிருப்பதால், தாளில் அழுத்தும்போது அந்த ஏடுகள் வழுக்கி உதிர்ந்து கோடாகப் படிகின்றன. கோட்டை விரலால் தேய்த்துப் பாருங்கள், பளபளக்கும் சாம்பல் நிறம் ஒட்டும்.

குழப்பம் பெயரில் பிறந்தது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் கிடைத்த இக்கனிமத்தை ஒருவகை ஈயம் என்றே கருதினார்கள். அது கார்பன் என்பதை 1779இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே காட்டிய பின்னும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது, தமிழிலும் காரீயம் என்ற சொல் ஈயத்தையும் இதையும் ஒருசேரக் குறித்து வந்தது. நம் சிவகங்கையில் வெட்டியெடுப்பதும் இந்தக் கிராஃபைட்தான்.

பழைய பென்சில்களின் மேற்பூச்சில் ஈயம் இருந்ததுண்டு என்பது உண்மை. ஆகவே பென்சிலைக் கடிக்கும் பழக்கம் நல்லதன்று. குத்திய இடத்தைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். முனை உள்ளே முறிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.