மூட்டுவாதக்காரர்களும் பூச்சி மருந்தும்

மூட்டுவாதம் உள்ளவர்கள் கூடிப் பேசினால் இப்போதெல்லாம் பேச்சு மாத்திரையைத் தாண்டி மலத்துக்குப் போய்விடுகிறது. குப்பியில் மாதிரி அனுப்பினால் பச்சையும் சிவப்புமாகப் பட்டை போட்ட குடல் நுண்ணுயிரி அறிக்கை வருகிறது. சிவப்பைப் பார்த்ததும் 'நல்ல பாக்டீரியா' அடங்கிய புரோபயாடிக் வாங்க ஓட்டம். இன்னொரு பக்கம், "எல்லாம் வயித்துப் பூச்சியாலதான்" என்று மாதாமாதம் பூச்சி மருந்து விழுங்கச் சொல்லும் கூட்டம். எனக்கும் மூட்டுவாதத்தில் ஒரு வகையான முடக்குவாதம் உண்டு. காலையில் விரலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு குற்றவாளி கிடைத்தால் நிம்மதிதான், புரிகிறது.

குடலுக்கும் மூட்டுக்கும் தொடர்பு இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். சால்மோனெல்லா, ஷிகெல்லா போன்ற கிருமிகளால் வயிற்றுப்போக்கு வந்து போன சில வாரங்களில் சிலருக்கு முழங்கால் வீங்கும். சில மூட்டழற்சிகளோடு தொடர்புள்ள எச்எல்ஏ-பி27 என்ற மனித மரபணுவைப் புகுத்திய எலிகளுக்குச் சாதாரணமாகக் குடலழற்சியும் மூட்டழற்சியும் வரும்; கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தால் வருவதில்லை. நம்மில் பலர் மூட்டுவாதத்துக்கு விழுங்கும் சல்ஃபாசலசின் மாத்திரையின் கதை இதைவிட சுவாரசியம். முடக்குவாதத்துக்குக் கிருமிதான் காரணம் என்ற எண்ணம் இருந்த 1930களின் கடைசியில், ஸ்வீடன் மருத்துவர் நானா ஸ்வார்ட்ஸின் முயற்சியில் உருவானது. கிருமியை ஒடுக்கும் சல்ஃபா மருந்தையும் அழற்சியைத் தணிக்கும் சாலிசிலேட் வகையையும் ஒன்றாகக் கோத்தது. மாத்திரையின் பெரும்பகுதி அப்படியே பெருங்குடல் வரை போகும். அங்கே இருக்கும் பாக்டீரியாதான் அந்தப் பிணைப்பை அறுத்து இரண்டாக்குகிறது. அதாவது அறிக்கையைப் பார்த்து நாம் திட்டும் கூட்டமே நமக்கு மருந்து தயாரித்துக் கொடுக்கிறது!

ஆனால் தொடர்பு இருப்பது வேறு, அதை வைத்து வைத்தியம் செய்வது வேறு. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக முடக்குவாதம் வந்து மருந்து தொடங்காதவர்களில் 75 சதவீதம் பேரிடம் பிரிவோட்டெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா இருந்தது. ஆரோக்கியமானவர்களிலும் சுமார் ஐந்தில் ஒருவரிடம் இருந்தது. அதுதான் நோயைக் கிளப்பியதா, நோய் வந்ததால் பெருகியதா என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. டென்மார்க்கில் சொரியாசிஸ் என்ற தோல் நோயோடு வரும் மூட்டுவாதம் உள்ள 31 பேரிடம் மல மாற்று சிகிச்சையை, அதாவது ஆரோக்கியமானவரின் மலத்தை நோயாளியின் குடலில் செலுத்துவதை, சோதித்தார்கள். முடிவு 2021இல் வந்தது. போலி சிகிச்சை பெற்றவர்களைவிட, நிஜமாகவே பெற்றவர்களில்தான் அதிகம் பேருக்குப் பலன் கிட்டவில்லை. அப்புறம் அந்தப் பட்டை அறிக்கையை வைத்து என்னதான் செய்வது? அதில் பிளாஸ்டோசிஸ்டிஸ் என்ற ஒற்றைச்செல் உயிரி இருந்தாலும் பதற வேண்டாம், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் குடலிலும் அது சகஜமாக இருக்கும்.

என் ஆதங்கம் வேறு. இவ்வளவு பேசுகிறோம், மூட்டுவாதக்காரர்கள் நிஜமாகவே பயப்பட வேண்டிய ஒரு புழுவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதன் பெயர் ஸ்ட்ராங்கிலாய்டிஸ். மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். மற்ற குடல் புழுக்கள் பெரும்பாலும் ஆயுள் முடிந்து ஒழிந்துவிடும். இதன் குஞ்சுகளோ வெளியே போகாமலே குடல் சுவரைத் துளைத்து மறுபடி உடம்புக்குள் சுற்றி வரும். அதனால் சிறு வயதில் ஒட்டியது பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் தங்கிவிடலாம். பிறகு மூட்டு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஆரம்பிக்கிறோம். தடுத்து வைத்திருந்த எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் புழு பல்கிப் பெருகி நுரையீரல் வரை பரவும். குடல் பாக்டீரியாவும் அதோடு சேர்ந்து ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

"அதான் பூச்சி மருந்து போட்டாச்சே" என்பார்கள். வழக்கமான ஒரு வேளை அல்பெண்டசோலை நம்பி இந்தப் புழுவை விட முடியாது; இதற்கு ஐவர்மெக்டின்தான் முதல் தேர்வு. அதையும் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். ஒரே ஒரு மலப் பரிசோதனையில் தெரியாமல் போவதும் சகஜம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை இருக்கிறது. ரத்த அறிக்கையில் ஈசினோபில் என்ற வெள்ளையணு வகை கூடுதலாக இருந்தால் அது ஒரு துப்பு. ஸ்டீராய்டு ஏறியபின் அந்தத் துப்பும் மறைந்துவிடலாம், அதனால் மருந்து தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். சிறு வயதில் வெறுங்காலோடு மண்ணில் திரிந்தவரா, வயல் வேலை செய்தவரா, அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.