பட்டியல் தருவது கணினி, ஆளைச் சொல்வது நிபுணர்

விரல் ரேகைகளைக் கணினியே ஒப்பிடுவது பற்றிய தொலைக்காட்சி விவாதம் ஒன்றை எனக்குப் பலர் அனுப்பிவிட்டீர்கள். "கணினி வந்தாயிற்று, இனி லென்ஸ் பிடிக்கிறவர்கள் எதற்கு?" என்று அதில் ஒருவர் கேட்டது சுருக்கென்று தைத்தது. விரல் ரேகைப் பிரிவில் வேலை பார்த்தே கண் மங்கியவன் நான்.

கணினி குற்றவாளியைக் காட்டாது. ஒத்துப்போகக்கூடிய ரேகைகளைப் பட்டியலிடும், அவ்வளவுதான். அதில் உரியவர் யார், அல்லது யாருமே இல்லையா என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும். 2004-இல் ஸ்பெயினின் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில், ஒரு பையில் கிடைத்த ரேகைக்கு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் கணினி 20 பேரைத் தந்தது. அதில் நான்காவதாக இருந்த அமெரிக்க வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்ட் இரண்டு வாரம் காவலில் இருந்தார். அது ஓர் அல்ஜீரியரின் ரேகை என்று ஸ்பெயின் போலீஸ் கண்டறிந்த பிறகே வெளியே வந்தார்.

"அங்கே தவறியது நிபுணர்கள்தானே?" என்பீர்கள். ஆம். கோடிக்கணக்கான ரேகைகளில் தேடினால் அச்சு அசலாகத் தோன்றும் வேற்றாள் ரேகையும் கிடைக்கும். அதனால்தான் கணினியில் சேரும் ரேகைகள் பெருகப் பெருக, நன்கு பயின்ற நிபுணர்கள் இன்னும் அதிகம் தேவை என்கிறேன்.

இந்தக் கணினிகளை விற்க வருகிறவர்கள் மையில் பதித்த சுத்தமான பத்து விரல் ரேகையை ஓட்டிக் காட்டுவார்கள். சம்பவ இடத்தில் நமக்குக் கிடைப்பதோ பீரோ கைப்பிடியில் வழுக்கிய அரை விரல். அப்படியொரு செயல்விளக்கத்தில், நான் லென்ஸ் வைத்து ஆளைச் சொல்லித் தண்டனையும் கிடைத்த திருட்டு வழக்கின் ரேகையை நீட்டினேன். "தரம் போதாது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். நடந்ததை எழுதிக் கொடுத்தேன். என் குறிப்பு எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

கணினி வாங்கும் முன் தீர்ந்த வழக்குகளின் ரேகைகளை விடையை மறைத்துக் கொடுத்துச் சோதியுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் நம் ரேகைகளை வேறு கணினிக்கு மாற்றும் உரிமையை டெண்டரிலேயே எழுதுங்கள். இதைக் கேட்டால் தொழில்நுட்பத்தின் எதிரியா? 2022-இல் நாடு முழுமைக்குமான விரல் ரேகைக் கணினி அமைப்பான நாஃபிஸ் வந்தபோது மகிழ்ந்தவன் நான். மாநில எல்லை தாண்டித் தேட முடிகிறதே!

வேலை போய்விடுமென்ற பயம் என்கிறார்கள். ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேலை போகும்? 1897-இல் கல்கத்தாவில் உலகின் முதல் விரல் ரேகைப் பிரிவு தொடங்கியது. ரேகைகளை வகை பிரிக்கும் முறைக்காக அங்கே உழைத்தவர்கள் அஜிசுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும். பெயர் பெற்றவர் மேலதிகாரி ஹென்றி. இன்றும் லென்ஸ் பிடிக்கிறவனை யாரும் கேட்பதில்லை.

அடுத்த கொள்முதல் குழுவிலாவது பணியில் இருக்கும் நிபுணர் ஒருவரை உட்கார வையுங்கள். சோதனை ரேகைகளை அவர் தேர்ந்தெடுக்கட்டும்.