ஹெட்டை இறக்குமுன் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கய்யா!

மறுபடியும் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) டப்பாவில் ஆயில் கலந்து பால் காப்பி! 18,000 ரூபாய் கொடுத்து இன்ஜின் மேல்பாகமான ஹெட்டை இறக்கி, அதன் அடியில் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் அடைக்கும் கேஸ்கட் மாற்றி, லேத்தில் ஃபேஸ் அடித்து (பரப்பைச் சமன் செய்து) வந்த வண்டி. 11 நாள்கூட ஆகவில்லை. இன்று காலை கேரள எல்லையில் புளியரை எஸ் வளைவு ஏறும்போது சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டி, ஆறவிட்டு மூடியைத் திறந்தால் அதே பழுப்பு ஏடு. விரலில் எடுத்தால் கிரீஸ் மாதிரி ஒட்டுகிறது.

அன்றைக்கு அந்தப் பட்டறையில் நடந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. மெக்கானிக் மூடியைத் திறந்தார். "கேஸ்கட் போயிட்டு அண்ணாச்சி, ஹெட்ட இறக்கிரணும்." அவ்வளவுதான் அவர் பார்த்தது. டிப்ஸ்டிக்கை, அதான் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, நான்தான் உருவிக் காட்டினேன். கறுப்பு ஆயில், ஒரு பொட்டு வெள்ளை இல்லை. அளவு மட்டும் இறங்கியிருந்தது. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. ஸ்டார்ட் செய்தால் டப்பாவில் குமிழி இல்லை. கேஸ்கட் போனால் வழக்கமாக இதில் ஏதாவது தெரியும். "அப்புறம் எப்படி கேஸ்கட்?" என்றேன். "இருபது வருசமா இதான் தொழிலு." மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே இருபது வருசம்!

இது டீசல் வண்டி. ஆயில் ஃபில்டர் பக்கத்தில் ஆயில் கூலர் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் கூலண்ட், நடுவில் மெல்லிய தகடு. ஓடும்போது ஆயில் அழுத்தம் 3, 4 பார் இருக்கும். கூலண்டுக்கு ஒன்று, ஒன்றரைதான். தகடு விரிசல் விட்டால் ஆயில்தானே தண்ணீருக்குள் பாயும்? டிப்ஸ்டிக் சுத்தம், டப்பா மட்டும் காப்பி என்றால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுதான். கழற்றி, காற்றடித்து, தண்ணீரில் முக்கினால் தெரிந்துவிடும். கேஸ்கட்மேல் சந்தேகமா? ரேடியேட்டர் வாயில் வைத்துக் காற்றை இழுக்கும் கருவி இருக்கிறது. எரிந்த புகை கலந்திருந்தால் உள்ளே இருக்கும் நீல மருந்து நிறம் மாறும். இதில் எதையும் செய்யாமல் ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட எப்படி மனசு வருகிறது?

கயிறு கட்டி, எல்லை தாண்டி ஆரியங்காவுக்கு இழுத்துப் போனோம். அங்கே ஒரு பையன் முதல் வேலையாக டிப்ஸ்டிக்கை உருவினான். துடைத்தான், மறுபடி விட்டு எடுத்தான். "கூலர் போயி சேட்டா." எனக்கு அழுகையே வந்துவிட்டது.