மாமரத்து முசுறு போன பிறகு

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு மாமரம் இருக்கிறது. பல வருடமாக அதில் முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தது. மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பார்கள். சங்கத் தமிழிலேயே முயிறு என்று இதற்குப் பெயர் உண்டு.

வேலைக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் அந்த மரத்தடியில் நின்று பார்ப்பேன். இலையின் ஓரத்தைப் பத்துப் பதினைந்து எறும்பு வரிசையாகக் கவ்வி இழுக்கும். எட்டவில்லை என்றால் ஒன்றின் இடுப்பை இன்னொன்று பிடித்துச் சங்கிலி போடும். இரண்டு இலையும் நெருங்கியதும் உள்ளிருந்து ஒரு எறும்பு வெள்ளையாக ஒரு புழுவைத் தூக்கிக்கொண்டு வரும். அது அவற்றின் குஞ்சு. அதன் வாயிலிருந்து வரும் பட்டு நூலை இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் மாறி மாறித் தொடவைத்து இலையைத் தைத்துவிடும். தறியில் நாடா ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேகம் புரியும்.

போன வருடம் ஒரு பிள்ளையை முசுறு கடித்துவிட்டது. புகார் போனது, மருந்து அடிக்க ஆள் வந்தது. ஒரே வாரத்தில் கூடுகளெல்லாம் காய்ந்து பழுப்பாகத் தொங்கின. அந்தப் பிள்ளையின் அம்மா மேல் எனக்குக் கோபம் கிடையாது, முசுறுக் கடி எப்படி எரியும் என்று எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு மாதம் கழித்து அதே மரத்தடியில் வேறு ஒரு எறும்பு வந்து நின்றது. மெலிந்த மஞ்சள் உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால், நீள மீசை. ஒழுங்காக வரிசை பிடிக்காமல் திசை தெரியாததுபோல ஓடும். ஆங்கிலத்தில் யெல்லோ கிரேஸி ஆன்ட். நான் மஞ்சள் கிறுக்கு எறும்பு என்று சொல்கிறேன்.

தமிழ்நாட்டுச் செய்தி படிப்பவர்களுக்கு இது நினைவிருக்கும். 2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம், கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் ஆடு மாடுகளின் கண்ணைத் தாக்குகிறது என்று பேசப்பட்டதே, அதே எறும்புதான். இது கடிப்பதைவிடப் பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுவதுதான் அதிகம்.

இந்த எறும்பு ஒரு தீவை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள நாம் ரொம்பத் தூரம் போக வேண்டாம். கிறிஸ்துமஸ் தீவு 1958இல் ஆஸ்திரேலியா கைக்குப் போகும் முன்பு சிங்கப்பூரோடு சேர்த்து ஆளப்பட்ட இடம். அங்கே காட்டுத் தரையை ஆண்டது சிவப்பு நண்டு. விழுந்த இலையைத் தின்று, முளைக்கிற கன்றைக் கிள்ளி, காட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தது. இந்த எறும்பு அங்கே போய்ப் பல பத்தாண்டுகள் சும்மா கிடந்தது. 1989இல் முதல் பெருங்கூட்டம் கண்ணில் பட்டது. 1990களின் கடைசியில் காடு முழுக்கப் பரவியது. நண்டு அந்தப் பக்கம் நடந்து போனால் கண்ணிலும் மூட்டிலும் அமிலம் தெளிக்கும். பார்வை போய், உடம்பு வறண்டு நண்டு செத்துவிடும். இப்படிச் செத்தவை ஒரு கோடியிலிருந்து ஒன்றரைக் கோடி வரை இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

நண்டுச் சாவு படமாக வந்ததால் உலகம் பார்த்தது. எறும்புக்கும் எறும்புக்கும் நடப்பதை யாரும் படம் எடுப்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய ஆதங்கம். இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் கொக்கோ தோட்டங்களில் கணக்கெடுத்தார்கள். இதே மஞ்சள் எறும்பு ஆதிக்கம் செலுத்திய இடங்களில் மற்ற எறும்பினங்கள் குறைந்துபோயிருந்தன. பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த சின்ன நெருப்பெறும்பு புகுந்த மழைக்காட்டில், பொறியில் விழுந்த எறும்புகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் அந்த ஒரே இனம். அந்த மண்ணுக்கே உரிய எறும்புகளில் தப்பியது பெரும்பாலும் மண்ணுக்குள்ளும் சருகுக்கடியிலும் ஒளிந்து வாழ்கிற ஒருசில மட்டும்.

எப்படி இவ்வளவு சுலபமாக ஜெயிக்கிறது? நம் ஊர் எறும்பில் பெரும்பாலானவை பக்கத்துக் கூட்டோடு சண்டை போடும். எல்லைத் தகராறிலேயே பாதிச் சக்தி போய்விடும். வந்தேறிகளுக்கு அந்தச் சண்டை கிடையாது. ஒரு கூட்டில் பல ராணி இருக்கும். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் கூட்டையும் சொந்தமாகவே பார்க்கும். கூடவே செதில் பூச்சி, மாவுப்பூச்சியை ஆடு மாடு மாதிரி மேய்க்கும். அந்தப் பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சித் தேன்போல ஒழுகவிடும், எறும்பு அதைக் குடித்துப் பெருகும், பதிலுக்கு அந்தப் பூச்சியைக் காவல் காக்கும். செடியோ கரும்பூசணம் பிடித்துக் கறுத்துப்போகும். கிறிஸ்துமஸ் தீவில் இந்தச் சங்கிலியை அறுக்கத்தான் 2016 டிசம்பரில் மலேசியாவிலிருந்து கொண்டுபோன ஒரு குட்டிக் குளவியை விட்டார்கள். அது எறும்பைத் தொடாது. எறும்புக்குச் சோறு போடும் செதில் பூச்சிக்குள் முட்டையிடும்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். மஞ்சள் எறும்பின் பூர்வீகம் நம் வட்டாரமாகவே இருக்கலாம் என்பவர்களும் உண்டு. என் கவலை அதன் பிறந்த ஊரைப் பற்றியதில்லை. காடு கலைந்த இடமெல்லாம் அது முதல் ஆளாக வந்து உட்கார்கிறது. இந்தத் தீவின் ஆதிக் காட்டில் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துவிட்டது. மிச்சமிருப்பதில் ஒன்று 163 ஹெக்டேர் புக்கிட் தீமா காடு. இருட்டும் நேரத்தில் அங்கே போனால் 2 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள ராட்சத எறும்பைப் பார்க்கலாம். மகாங் மரத்தின் தண்டைத் தொட்டுப் பாருங்கள், உள்ளே பொந்தாக இருக்கும். அந்தப் பொந்துக்குள் ஒரு சிற்றெறும்பு குடியிருக்கும். மரம் அதற்கு இடமும் வெள்ளைப் பருக்கை மாதிரி தீனியும் கொடுக்கிறது. எறும்பு இலையைத் தின்ன வரும் புழுவை விரட்டுகிறது, சுற்றிப் படரும் கொடியைக் கடித்துத் தள்ளுகிறது. அந்த எறும்பு போனால் அந்த இடத்தை மஞ்சள் எறும்பு நிரப்பாது.

அடர்ந்த காட்டின் நடுவே வந்தேறிகள் சுலபமாக நுழைவதில்லை. ஓரத்தில்தான் நுழைகின்றன. அந்த ஓரத்துக்குக் கொண்டுபோய் விடுவது நாம். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் ஓடிய ஸ்பானியக் கப்பல்களில்தான் வெப்பமண்டல நெருப்பெறும்பு ஆசியாவுக்கு வந்தது என்று 2015இல் மரபணுவை வைத்துக் காட்டினார்கள். இன்று சிங்கப்பூர்ப் புல்தரையிலும் அது உண்டு. அன்றைக்குக் கப்பல் செய்ததை இன்று பூந்தொட்டி செய்கிறது. வேண்டாத செடியை மண்ணோடு காட்டோரத்தில் வைத்துவிட்டு வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். "பாவம், குப்பையில போட மனசு வரலை" என்றார் ஒரு அக்கா. நல்ல மனசுதான். ஆனால் அந்த மண்ணுக்குள் ஒரு ராணியும் நூறு வேலைக்காரிகளும் இருந்தால் போதும்.

இன்னொன்று ஸ்ப்ரே. எறும்பைக் கண்டால் அடி என்பது நமக்குப் பழகிவிட்டது. வீட்டுச் சமையலறையில் வரும் இளமஞ்சள் பொடி எறும்பு, பாரோ எறும்பு என்பார்கள், அதற்கு ஸ்ப்ரே அடித்தால் கூட்டம் பல துண்டாகப் பிரிந்து நான்கு இடத்தில் கூடு வைக்கும். மெதுவாகக் கொல்லும் இரை வைத்தால்தான் மருந்து ராணி வரைக்கும் போகும். வெளியில் இன்னும் மோசம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1960களில் வேறொரு வகை நெருப்பெறும்பை ஒழிக்க விமானத்திலிருந்து மைரெக்ஸ் என்ற பூச்சிமருந்தைத் தூவினார்கள். உள்ளூர் எறும்புகளும் சேர்ந்து செத்தன. காலியான நிலத்துக்கு முதலில் திரும்பி வந்தது நெருப்பெறும்புதான். ஒரு மாமரத்தை வைத்து நான் அறிவியல் பேசிவிட முடியாது, ஆனால் எங்கள் மரத்தடியில் பார்த்ததும் அந்தச் சாயலில்தான் இருந்தது.

அதனால் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மரத்தில் முசுறு இருந்தால், பிள்ளைகள் விளையாடும் கிளையை மட்டும் கழிக்கச் சொல்லுங்கள், மரம் முழுக்க மருந்து கேட்காதீர்கள். புலாவ் உபின் தீவுக்கோ சொந்தக்காரர் தோட்டத்துக்கோ தொட்டி கொண்டுபோகும் முன் அதை ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். உள்ளே கூடு இருந்தால் முட்டையைத் தூக்கிக்கொண்டு விளிம்புக்கு ஏறி வரும். செடியைக் கழிக்க வேண்டுமென்றால் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், காட்டோரம் வேண்டாம். அப்புறம், பிள்ளைகளுக்கு எறும்பைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். கட்டெறும்பு, பிள்ளையார் எறும்பு, முசுறு என்று நம் பாட்டிமாருக்கு எத்தனை பெயர் தெரிந்திருந்தது. என் மகனுக்கு மூன்று கூடத் தெரியாது, இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம்.

இன்று காலை சமூகத் தோட்டத்துக் கொய்யா மரத்தில் மூன்று இலை சேர்த்துத் தைத்திருப்பதை அவன்தான் முதலில் பார்த்தான். தோட்டக் குழுவிடம் சொல்லிவிட்டேன், அந்த மரத்துப் பக்கம் மருந்துக் குப்பி வரக்கூடாது என்று.